முடியாதென்று விட்டுவைத்த அடி

ஒரு கார் நிற்கிறது. எதிரி கிடையாது, திருப்பி அடிக்க ஆளும் கிடையாது. குறித்த நேரத்துக்குள் அந்தக் காரைக் கையாலும் காலாலும் அடித்து நொறுக்கினால் கூடுதல் புள்ளி. ‘ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2’ ஆடியவர்கள் யாரும் இந்த இடத்தை மறந்திருக்க மாட்டார்கள். கடும் சண்டைகளுக்கு நடுவே மூச்சு வாங்கிக்கொள்ளக் கொடுத்த சிறு இடைவேளை அது. இன்று உலகம் முழுக்க ‘காம்போ’ என்று வழங்கும் அடித்தொடர் முதன்முதலில் ஒருவர் கண்ணில் பட்டது அந்த இடைவேளையில்தான்.

ஆட்டம் இன்னும் வெளிவரவில்லை. ஜப்பானின் ஒசாகா நகரத்து கேப்காம் நிறுவனத்தில் நொரிடாகா ஃபுனாமிசு அதில் பிழை ஏதும் இருக்கிறதா என்று ஆடிப் பார்த்துச் சோதித்துக்கொண்டிருந்தார். காரைக் குத்தும்போது ஏதோ இடறியது. ஒரு குத்து முடிவதற்குள், நேரம் பார்த்துப் பட்டனைத் தட்டினால், அடுத்த குத்தும் உள்ளே போய்விடுகிறது. எதிரில் நிற்பது காராக இல்லாமல் ஆளாக இருந்தால், முதல் அடி வாங்கியவன் இரண்டாவதைத் தடுக்கவே முடியாது. பிழை என்றே வைத்துக்கொண்டு திருத்தியிருக்கலாம். ஆனால் அந்த நேரக்கணக்கு மிகக் குறுகலாக இருந்தது. நிஜ ஆட்டத்தில் யாரும் அதைப் பிடித்துப் பயன்படுத்திவிட முடியாது என்று அவருக்குப் பட்டது. மறைந்திருக்கும் வித்தையாக அது உள்ளேயே கிடக்கட்டும் என்று விட்டுவிட்டார்கள். பிற்பாடு ஒரு பேட்டியில் அவரே இதைச் சொல்லியிருக்கிறார். நேரம் கச்சிதமாக அமைந்தால் நான்கு அடிவரை கோக்கலாம் என்று நினைத்தார்களாம். எட்டு வரை போனது.

வேகமும் கடினமும் கூடிய ஆட்டங்களில் அப்படி என்ன இருக்கிறது, எதற்காக இத்தனை பேர் தோற்றுத் தோற்றுத் திரும்ப உட்காருகிறார்கள் என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது இந்த அடியின் கதையைத்தான். செய்தவர்களே மனிதக் கைக்கு எட்டாது என்று கணித்த ஒன்று, கையிலிருந்து கைக்கு மாறி நாடு நாடாகப் போய், கடைசியில் பதக்கம் தரும் மேடையிலும் ஏறியது. அதன் ஒவ்வொரு கட்டத்திலும் யாரோ ஒருவர் ‘முடியாது’ என்கிறார். வேறு யாரோ செய்து காட்டுகிறார்.

அந்தக் குறுகலைக் கணக்காகவே சொல்லிவிடலாம். ஆட்டப் பலகை திரையை நொடிக்கு ஏறத்தாழ 60 முறை புதிதாக வரைகிறது. ஒவ்வொரு வரைவும் ஒரு ஃபிரேம். ஒரு ஃபிரேமின் ஆயுள் சுமார் 17 மில்லிநொடி. உள்ளே எல்லாமே ஃபிரேம் கணக்குதான். ஒரு உதை என்றால் கால் கிளம்பச் சில ஃபிரேம், படுவதற்குச் சில ஃபிரேம், பின்வாங்கச் சில ஃபிரேம். உதை வாங்கியவனும் சில ஃபிரேம் அசைய முடியாமல் தடுமாறுவான். அந்தத் தடுமாற்றம் தீருவதற்குள் அடுத்த அடி பட்டுவிட்டால் அவனால் ஒன்றும் செய்ய முடியாது. ஆனால் சாதாரணமாக, உதைத்தவன் காலைப் பின்னுக்கு இழுப்பதற்குள் உதைபட்டவன் தெளிந்துவிடுவான். இங்கேதான் அந்த வித்தை ஒளிந்திருந்தது. உதைத்த கையோடு, பின்வாங்கும் கட்டம் தொடங்குமுன், சிறப்பு அடிக்கான கட்டளை வந்து சேர்ந்துவிட்டால், பலகை பின்வாங்குவதை அப்படியே கைவிட்டுவிட்டு நேரே சிறப்பு அடிக்குத் தாவிவிடும். ஆடுபவர்கள் இதைக் கேன்சல் என்பார்கள்.

கை செய்யும் வேலையைக் கிட்டே போய்ப் பார்த்தால்தான் இது புரியும். ஆட்டத்தின் வீரர்களில் ஒருவனான ரியூ குந்தியபடி நடுத்தர உதை ஒன்றை விடுகிறான். அதோடு ஒட்டி ‘ஹடூகென்’ என்ற நெருப்புப் பந்து கிளம்ப வேண்டும். இடக்கை லீவரைக் கீழே அழுத்திப் பிடித்திருக்கிறது. வலக்கையின் ஒரு விரல் உதைப் பட்டனைத் தட்டுகிறது. தட்டிய விரல் மேலே எழும்புவதற்குள் இடக்கை லீவரைக் கீழிலிருந்து முன்மூலைக்கும், முன்மூலையிலிருந்து முன்னுக்கும் கால்வட்டமாக உருட்டியாக வேண்டும். லீவர் முன்னே போய் நிற்கும்போது வலக்கையின் இன்னொரு விரல் குத்துப் பட்டனில் இறங்கியிருக்க வேண்டும். சற்றுப் பிந்தினால் உதை தனியாக முடிந்து, பந்து தனியாகக் கிளம்பும். எதிராளி அதைத் தடுப்பான், இல்லையென்றால் அதற்கு மேலே குதித்து வந்து முகத்தில் உதைப்பான். லீவர் மூலையைத் தொடாமல் தாண்டிவிட்டால் பந்தே வராது. வெறும் குத்து ஒன்று காற்றில் போகும். எல்லாம் சரியாக விழுந்தால் உதையின் சத்தமும் பந்து படும் சத்தமும் இடைவெளியில்லாமல் ஒட்டிக்கொண்டு வரும். கண்ணுக்கு முன்னே காதுக்குத் தெரிந்துவிடும்.

மிருதங்கம் பயில்பவர் ஒரு கோர்வையை முதல் காலத்தில் உட்காரவைத்து, பிறகு இரண்டாம் காலத்துக்கும் மூன்றாம் காலத்துக்கும் கொண்டுபோவது போலத்தான் காம்போவும் கைக்கு வருகிறது. மெதுவாகச் செய்தால் ஆட்டத்தில் அது வேலை செய்யாது; ஆனாலும் விரலுக்கு வரிசை தெரிய மெதுவாகத்தான் தொடங்க வேண்டும். அடுத்து என்ன என்று மனம் எண்ணிக்கொண்டிருக்கும்வரை வராது. ஒருநாள் எண்ணுவது நின்று, கை தானாகப் போய்விடும். அந்த முதல் தடவை உடம்பில் ஒரு சிலிர்ப்பு ஓடும். அதை அனுபவித்தவனாகச் சொல்கிறேன்: வேறு எந்த விளையாட்டிலும் இவ்வளவு சிறிய அசைவுக்கு இவ்வளவு பெரிய மகிழ்ச்சி எனக்குக் கிடைத்ததில்லை.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. கண்ணால் ஒன்றைப் பார்த்து, மூளைக்குப் போய், விரல் அசைய மனிதருக்குக் கால் நொடிக்குச் சற்றுக் குறைவாக ஆகும். ஃபிரேமில் சொன்னால் பன்னிரண்டிலிருந்து பதினைந்து. ஐந்து ஃபிரேமில் கிளம்பும் உதையைப் பார்த்துவிட்டுத் தடுப்பது எந்த மனிதனாலும் ஆகாது. அப்படியும் நல்ல ஆட்டக்காரர்கள் தடுக்கிறார்கள். எதிராளி எந்தத் தூரத்தில் நின்றால் எதைச் செய்வான், பயந்தால் எந்தப் பக்கம் ஒதுங்குவான், இரண்டு முறை தோற்றபின் எதில் துணிவான் என்று படித்து, அடி கிளம்புமுன்னே கையை அங்கே கொண்டுபோய் வைக்கிறார்கள். திரையில் நடப்பதற்குக் கால் நொடி முன்னால் வாழ வேண்டியிருக்கிறது. நெஞ்சு படபடப்பது வேகத்தினால் மட்டும் என்று நான் நம்பவில்லை; இன்னும் நடக்காத ஒன்றின்மீது எல்லாவற்றையும் பணயம் வைத்துவிட்டு, அது சரிதானா என்று தெரியவரும் அந்தக் கணத்தின் படபடப்பு அது.

கொஞ்சம் பின்னால் போக வேண்டும். 1987-ல் வந்த முதல் ‘ஸ்ட்ரீட் ஃபைட்டர்’ தகாஷி நிஷியாமா, ஹிரோஷி மட்சுமோட்டோ இருவரும் உருவாக்கியது. அதன் முதல் வகை இயந்திரத்தில் குத்துக்கு ஒன்றும் உதைக்கு ஒன்றுமாக இரண்டு பெரிய ரப்பர் திண்டுகள் இருந்தன. எவ்வளவு ஓங்கி அடிக்கிறோமோ அவ்வளவு பலமான அடி. கை வலித்தது, இயந்திரமும் தாங்கவில்லை. மாற்றாக ஆறு பட்டன் வந்தது. குத்துக்கு மூன்று, உதைக்கு மூன்று, லேசு, நடுத்தரம், பலம் என்று. இன்றைக்கும் அந்த ஆறு அப்படியே நிற்கிறது. அந்த ஆட்டத்தின் சிறப்பு அடிகள் ரகசியமாகவும் இருந்தன, கட்டளை கொடுத்தாலும் லேசில் வெளிவராமலும் இருந்தன. நிஷியாமாவும் மட்சுமோட்டோவும் எஸ்.என்.கே. நிறுவனத்துக்குப் போய்விட, இரண்டாம் ஆட்டத்தை அகிரா நிஷிடானி, அகிரா யசுடா ஆகியோர் யோஷிகி ஒகமோட்டோவின் பொறுப்பில் செய்தார்கள். இந்த முறை கட்டளைகளை ஏற்பதில் நிரலைத் தாராளமாக்கினார்கள். சாதாரண ஆளுக்கும் நெருப்புப் பந்து வர வேண்டும் என்பது எண்ணம்.

1991-ன் தொடக்கத்தில் ஆட்டம் வெளியானது. எட்டுப் பேரில் ஒருவரைத் தேர்ந்தெடுத்து, பக்கத்தில் நிற்கும் மனிதனோடு மோதலாம். அமெரிக்காவில் ஒரே இயந்திரத்தின் முன் இருவரும் தோளோடு தோள் உரச நின்று ஆடினார்கள். ஜப்பானில் இரண்டு இயந்திரங்களை முதுகோடு முதுகாக வைக்கும் வழக்கம் பரவியது. யாரோடு மோதுகிறோம் என்று முகம் தெரியாது, அவன் லீவர் சத்தம் மட்டும் அந்தப் பக்கத்திலிருந்து வரும். ஜெயித்தவன் அதே காசில் தொடர்வான். தோற்றவன் எழுந்துகொள்ள வேண்டும், மறுபடி ஆட வேண்டுமானால் மறுபடி காசு போட வேண்டும். அடுத்து ஆட வேண்டியவர்கள் தங்கள் நாணயத்தைத் திரைக்கு அடியில் வரிசையாக வைத்துவிட்டுக் காத்திருப்பார்கள். ஜப்பானில் 100 யென், அமெரிக்காவில் 25 சென்ட். தோல்விக்கு விலை இருந்தது. கற்றுக்கொள்வதற்கும் அந்த விலைதான்.

மறைத்துவைத்த அடி இந்தக் கூட்டத்தில்தான் வெளிப்பட்டது. ஒருவன் செய்வான், பின்னால் நிற்பவர்கள் அவன் கையைப் பார்ப்பார்கள், திரையைப் பார்க்க மாட்டார்கள். இரண்டு அடி மூன்றானது. தாண்டிக் குதித்து உதை, இறங்கியதும் குந்தி உதை, அதைக் கேன்சல் செய்து பந்து. ஜப்பானில் ‘கேம்ஸ்ட்’ போன்ற ஆர்கேட் பத்திரிகைகள் இவற்றைப் படம் போட்டு விளக்கின. எந்த விளக்கத்தாளிலும் எழுதப்படாத ஒன்றை ஆடுபவர்களே இலக்கணமாக்கிக்கொண்டார்கள்.

அந்த எட்டுப் பேரில் ஒருவன் இந்தியன். தால்சிம் என்று பெயர், யோகி, கையும் காலும் ரப்பராக நீளும், வாயிலிருந்து நெருப்பு வரும், கழுத்தில் மண்டையோட்டு மாலை, பின்னணியில் யானைகள். தூரத்து தேசத்தைப் படக்கதை போலப் பார்த்த பார்வை அது, அதில் எனக்கு வருத்தம் உண்டு. ஆனால் ஆட்டமாகப் பார்த்தால் அவன் அபாரமான படைப்பு. மற்றவர்களெல்லாம் கிட்டே போய் அடிக்க வேண்டும். அவனை ஆடுபவருக்குத் தூரம்தான் ஆயுதம். மெதுவான அவனை வைத்து வேகமானவர்களைத் தோற்கடிப்பது தனிக் கல்வி.

தமிழ்நாட்டில் என் வயதுக்காரர்களுக்கு இந்தப் பலகையின் இன்னொரு பிள்ளையைத்தான் அதிகம் தெரியும். 1993-ல் கேப்காம் அதே சிபிஎஸ்-1 வகைப் பலகையில் ‘காடிலாக்ஸ் அண்ட் டைனோசர்ஸ்’ என்ற ஆட்டத்தை வெளியிட்டது. வீடியோ கேம் கடைகளிலும், பிறகு கம்ப்யூட்டர் சென்டர்களிலும் அதை ஆடித் தீர்த்தவர்கள் பலருக்கு இந்த ஆங்கிலப் பெயர் தெரியாது; முஸ்தஃபா என்றால்தான் தெரியும். நான்கு பேரில் ஒருவனான முஸ்தஃபா ஓடிவந்து விடும் உதைக்காக அவனை எடுக்க அடிதடி நடக்கும்.

அடுத்த திருப்பம் திருட்டுப் பிரதிகளால் வந்தது. 1992-ல் ‘ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2’-ன் மறுபதிப்பான ‘சாம்பியன் எடிஷன்’ வந்த சிறிது காலத்தில், அதன் நிரலை யாரோ மாற்றிய பலகைகள் கடைகளில் புழங்கத் தொடங்கின. ‘ரெயின்போ எடிஷன்’ என்பது அவற்றில் பிரபலமானது. ஆள் வானத்தில் இருந்தபடியே பந்து விடுவான்; அந்தப் பந்து வளைந்து வளைந்து துரத்தும்; சண்டை நடுவே ஸ்டார்ட் பட்டனைத் தட்டினால் ஆளே மாறிவிடுவான்; எல்லாம் தலைதெறிக்கும் வேகம். ஆட்டமாக அது நிலைக்கக்கூடியது இல்லை, ஆனால் கூட்டம் அங்கே போனது. கேப்காமின் அமெரிக்கக் கிளையில் இருந்த ஜேம்ஸ் கோடார்ட் அந்தக் கூட்டத்தைப் பார்த்து, நம் ஆட்டத்தையும் வேகப்படுத்த வேண்டும் என்று வற்புறுத்தினார். 1992 டிசம்பரில் ‘ஹைப்பர் ஃபைட்டிங்’ வந்தது. அதே ஆட்கள், அதே அடிகள், ஆனால் யோசிக்கக் கிடைக்கும் நேரம் சுருங்கிவிட்டது. மனிதக் கை அதையும் எட்டிப் பிடித்தது. அதன்பின் பழைய வேகம் எல்லோருக்கும் மந்தமாகத் தெரிந்தது.

அதே 1992-ல் ஆட்டம் வீட்டுக்குள்ளும் வந்தது. நின்டெண்டோவின் சூப்பர் ஃபாமிகாமுக்கு 16 மெகாபிட் கார்ட்ரிட்ஜில், அதாவது 2 மெகாபைட்டுக்குள், அதைச் சுருக்கி அடக்கினார்கள். இன்றைக்குக் கைப்பேசியில் எடுக்கும் ஒரு புகைப்படம் இதைவிடப் பெரியது. 60 லட்சத்துக்கும் மேல் விற்ற கார்ட்ரிட்ஜ் அது. சேகா தன் பங்குக்கு மெகா டிரைவில் ஆடுவதற்கென்று ஆறு பட்டன் வைத்த கன்ட்ரோலரையே புதிதாகச் செய்தது. காசு போட்டுக் கற்ற பாடத்தை இனி வீட்டில் ராத்திரி முழுக்க இலவசமாகப் பயிற்சி செய்யலாம். 1993-ல் ‘சூப்பர் ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2’ வந்தபோது, எத்தனை அடி கோத்தாய் என்பதைத் திரையே எண்ணிச் சொல்லி, அதற்குப் புள்ளியும் கொடுத்தது. சோதனையில் கண்டு விட்டுவைத்த பிழைக்கு இரண்டே ஆண்டில் ஊரறியப் பெயர் சூட்டியாயிற்று.

பிறகு எல்லோரும் அதை எடுத்துக்கொண்டார்கள். ‘மார்ட்டல் காம்பாட்’, ‘டெக்கன்’, ‘கில்லர் இன்ஸ்டிங்ட்’ என்று ஒவ்வொன்றும் தன் வழியில் காம்போவை வளர்த்தது. 1994-ல் வந்த ‘கில்லர் இன்ஸ்டிங்ட்’ அடிகளை மாலை மாலையாகக் கோத்து, அலறும் குரலில் அறிவித்தது. அந்த நீளம் எனக்குப் பிடித்ததில்லை. அடி வாங்குகிறவன் வெறும் பார்வையாளனாகிவிடுகிறான். அதே ஆட்டம் அதற்கு மருந்தும் வைத்திருந்தது. அடிபட்டுக்கொண்டிருப்பவனே நேரம் பார்த்துச் சரியான கட்டளை கொடுத்தால் தொடரை அறுத்துவிடலாம். காம்போ பிரேக்கர் என்று பெயர். சண்டை விளையாட்டுக்கு அந்த ஆட்டம் தந்த உண்மையான கொடை அதுதான்.

கேப்காம் தன் பதிலை 1997-ல் ‘ஸ்ட்ரீட் ஃபைட்டர் 3’-ல் வைத்தது. அதன் பெயர் பேரி. சண்டை விளையாட்டில் தடுக்க வேண்டுமானால் லீவரைப் பின்னால் இழுக்க வேண்டும். பேரிக்கு நேர்மாறாக, அடி வந்து விழும் கணத்தில் லீவரை முன்னே, அடியை நோக்கியே, தட்ட வேண்டும். பட்டால் துளி சேதமும் இல்லை, எதிராளி திறந்து நிற்பான். தவறினால் தடுப்பே இல்லாமல் முழு அடியும் முகத்தில். தொடராக வரும் அடிகளுக்கு ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகத் தட்ட வேண்டும்.

இதை எவ்வளவு தூரம் கொண்டுபோக முடியும் என்பதை உலகம் பார்த்தது கலிஃபோர்னியாவின் பொமோனாவில், 2004-ல். ஈவோ என்ற போட்டி அங்கே ஒரு பல்கலைக்கழக வளாகத்தில் நடந்தது. 1996-ல் சன்னிவேல் நகரத்து ஆர்கேட் ஒன்றில் 40 பேரோடு தொடங்கிய ‘பேட்டில் பை தி பே’ வளர்ந்துதான் ஈவோ ஆனது. ‘ஸ்ட்ரீட் ஃபைட்டர் 3: தர்ட் ஸ்ட்ரைக்’ ஆட்டத்தில் ஜப்பானின் டைகோ உமெஹராவும் அமெரிக்காவின் ஜஸ்டின் வாங்கும் மோதினார்கள். டைகோ ஆடிய கென் என்ற வீரனுக்கு உயிர்க்கோட்டில் ஒரு நூலிழை மீதி. ஜஸ்டின் ஆடிய சுன்-லி என்ற வீராங்கனையிடம் முழுச் சக்தியும் சேர்ந்திருந்தது. அவளுடைய ‘ஹோயோகு-சென்’ என்ற சூப்பர் அடி பதினைந்து உதைகள் கொண்டது. சாதாரணமாகத் தடுத்தாலும் ஒவ்வொரு உதையும் சிறிது உயிரைச் சுரண்டும். அந்தச் சுரண்டல் ஒன்றே கென்னை முடித்துவிடும். ஜஸ்டின் செய்தது நியாயமான கணக்கு. அவர் அதை விட்டார்.

முதல் உதைக்கான தட்டு, அது வருவதைக் கண்ணால் பார்த்தபின் கொடுத்தால் பிந்திவிடும். இப்போது விடுவார் என்று கணித்து முன்கூட்டியே கொடுக்க வேண்டும். டைகோ கொடுத்தார். இரண்டாவது, மூன்றாவது, நான்காவது என்று உதைக்கு ஒரு தட்டு; நடுவில் சுன்-லி ஓர் உதைக்கும் அடுத்ததற்கும் இடையே தாளத்தை மாற்றுவாள், அதற்கேற்ப விரலும் நிதானிக்க வேண்டும். ஒன்று தவறினாலும் ஆட்டம் முடிந்தது. கூட்டம் எழுந்து நின்று கத்துகிறது. காணொளியில் ஆட்டத்தின் சத்தமே கேட்கவில்லை. கடைசி உதைக்கு அவர் தரையில் நிற்கவில்லை. எகிறிக் குதித்து, அதை வானத்தில் வைத்துப் பேரி செய்தார். தப்பிப்பதற்கு அந்தக் குதி தேவையே இல்லை. மேலிருந்து இறங்கும்போது ஓர் உதை கூடுதலாகக் கிடைக்கும், அதிலிருந்து காம்போவைத் தொடங்கினால்தான் சுன்-லியின் மீதி உயிரை ஒரே தொடரில் எடுக்க முடியும் என்பதால் குதித்தார். தலைக்கு மேல் வெள்ளம் போகும்போதும் அடுத்த கரையைக் கணக்குப் போட்டிருக்கிறார். இறங்கும் உதை, குந்தி ஓர் உதை, கேன்சல், ‘ஷோர்யூகென்’ என்ற எகிறும் குத்து, அதிலிருந்து கென்னின் சூப்பர் அடி. சுன்-லி விழுந்தாள்.

அந்தப் போட்டியின் பட்டம் டைகோவுக்குக் கிடைக்கவில்லை. இறுதிச் சுற்றில் இன்னொரு ஜப்பானியரான கென்ஜி ஒபாட்டாவிடம் தோற்றார். அது பலருக்கு நினைவில்லை. யூடியூப் பிறப்பதற்கு முந்தைய ஆண்டில் எடுத்த அந்தச் சிறு காணொளி கையிலிருந்து கைக்கு மாறி இணையமெங்கும் பரவியது. டைகோ பிற்பாடு சில காலம் போட்டிகளை விட்டு விலகி, முதியோர் பராமரிப்பு வேலைக்குப் போனார். ‘ஸ்ட்ரீட் ஃபைட்டர் 4’ வந்தபின் திரும்பி வந்து மறுபடி வென்றார். அந்தப் பேரியைப் பார்த்துவிட்டுச் சண்டை விளையாட்டுக்கு வந்தவர்கள் ஒரு தலைமுறை.

காம்போ இதற்குள் இன்னொரு திசையிலும் கிளம்பியிருந்தது. கேப்காமிலேயே ‘ஒனிமுஷா’ ஆட்டத்தைச் சோதித்தபோது, வாளால் வெட்டிக்கொண்டே இருந்தால் எதிரி தரைக்கு இறங்காமல் வானத்திலேயே தொங்குகிறான் என்று ஒரு பிழை தென்பட்டது. ஹிடேகி கமியா அதைப் பிடித்துக்கொண்டார். 2001-ல் அவருடைய ‘டெவில் மே க்ரை’ வந்தது: எதிரியை வாளால் மேலே தூக்கி, துப்பாக்கிக் குண்டுகளால் அங்கேயே நிறுத்தி, விழும்போது மறுபடி வெட்டலாம். எவ்வளவு விதவிதமாக அடிக்கிறோம் என்பதற்கு ஆட்டமே தரம் போடும். காரைக் குத்தும்போது கண்ட பிழைக்கு ஒரு தம்பி பிறந்தான் என்றுதான் எனக்குத் தோன்றும். பின்னால் 2019-ல் ஃப்ரம்சாஃப்ட்வேர் நிறுவனத்தின் ‘செகிரோ’ பேரியின் பக்கத்தை எடுத்துக்கொண்டு அதை மட்டுமே வைத்து முழுச் சண்டையையும் கட்டியது. வாள் மோதும் ஓசையைக் கேட்டு ஆட வேண்டிய அதை, பலர் பாதியில் விட்டார்கள். முடித்தவர்கள் அதன் கடைசி எதிரியைப் பற்றி இன்றும் பேசுகிறார்கள்.

அதே 2019-ல் இன்னொன்றும் நடந்தது. லாகூரைச் சேர்ந்த அர்சலான் ஆஷ், ‘டெக்கன் 7’ ஆட்டத்தில் முதலில் ஜப்பானில் நடந்த ஈவோவையும், பிறகு லாஸ் வேகஸில் நடந்த ஈவோவையும் வென்றார். அதுவரை அந்த ஆட்டம் கொரியர்களுக்கும் ஜப்பானியர்களுக்கும் சொந்தம் என்றே எல்லோரும் நினைத்திருந்தார்கள். ஊரில் தன்னைப் போல் இன்னும் பலர் இருக்கிறார்கள் என்றார் அவர். யாரும் நம்பவில்லை. பிறகு டெக்கனின் மாபெரும் ஆட்டக்காரர்களில் ஒருவரான கொரியாவின் ‘நீ’ (Knee) என்பவர் பாகிஸ்தானுக்கே போய் அவர்களோடு ஆடிப் பார்த்தார். தோற்றும் கற்றும் திரும்பினார். போட்டிகளுக்குப் போக விசா கிடைப்பதே பெரும்பாடாக இருந்த ஆட்கள், உள்ளூர்க் கடைகளில் ஒருவரையொருவர் அடித்தே இவ்வளவு தூரம் வந்திருந்தார்கள். தெற்காசியாவில் இருந்துகொண்டு இந்தச் செய்தியைப் படித்தபோது எனக்கு உண்டான பூரிப்பு எல்லை பார்க்கவில்லை.

2023 செப்டம்பரில், சீனாவின் ஹாங்சோ நகரத்து ஆசிய விளையாட்டுப் போட்டியில் ‘ஸ்ட்ரீட் ஃபைட்டர் 5’ பதக்கத்துக்குரிய ஆட்டமாக இடம்பெற்றது. இந்தியாவிலிருந்தும் இருவர் ஆடினார்கள். தங்கம் வென்றவர் தென் கொரியாவின் கிம் குவான்-வூ, வயது 44. இருபது தாண்டினால் விரல் மந்தமாகிவிடும் என்பது இந்த உலகத்தில் பரவலாகச் சொல்லப்படும் ஒன்று. விரல் கொஞ்சம் மந்தமாகவே செய்யும். ஆனால் எதிராளியைப் படிக்கும் கண் வயதோடு கூர்மையாகிறது என்பதை அவர் ஆட்டத்தில் பார்க்கலாம். ஆர்கேட் காலத்துப் பிள்ளை அவர். எதிராளி என்ன செய்யப்போகிறான் என்பதை அங்கேதான் படிக்கக் கற்றவர்.

அதே ஆண்டு ஜூனில் ‘ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6’ வெளியாகியிருந்தது. அதில் ‘மாடர்ன்’ என்றொரு ஏற்பாடு உண்டு. கால்வட்டம் உருட்ட வேண்டாம். ஒரே பட்டனில் நெருப்புப் பந்து வரும். இன்னொரு பட்டனைப் பிடித்துக்கொண்டு தட்டினால் காம்போவே தானாகக் கோத்து வரும். அடியின் பலம் சற்றுக் குறையும், சில அடிகள் கிடைக்காது. பழைய ஆட்டக்காரர்கள் கொதித்தார்கள். எத்தனை ஆண்டு உழைப்பு, அதை ஒரு பட்டனில் கொடுத்துவிடுவதா என்று கேட்டார்கள். அந்தக் கோபம் எனக்குப் புரிகிறது. கைக்கு வந்த வித்தையை யாரும் லேசாக விட்டுக்கொடுக்க மாட்டார்கள். ஆனாலும் கேப்காம் செய்தது சரி என்றே நினைக்கிறேன். 1991-ல் கட்டளைகளைத் தாராளமாக்கியதும் இதே எண்ணத்தில்தான். விரல் தடை நீங்கிய மறுநிமிடமே புதியவனும் உண்மையான சண்டைக்குள் வந்துவிடுகிறான்: எப்போது அடிப்பது, எப்போது சும்மா நிற்பது, அவன் இப்போது குதிப்பானா. அதற்கு எந்தப் பட்டனும் இல்லை. பெரிய போட்டிகளில் இரண்டு முறைக்கும் இடமுண்டு.

2023 ஆகஸ்டில் லாஸ் வேகஸில் நடந்த ஈவோவில் இந்த ஆட்டத்துக்கு மட்டும் 7,000 பேருக்கு மேல் பெயர் கொடுத்திருந்தார்கள். இறுதியில் மோதிய இருவரில் ஒருவர் டொமினிக்கன் குடியரசின் மெனா-ஆர்டி. மற்றவர், கென்னை வைத்து ஆடிப் பட்டம் வென்ற ஐக்கிய அரபு அமீரகத்தின் ஆங்ரிபேர்ட். அந்த ஏழாயிரம் பேரில் யாராக இருந்தாலும் இரண்டு முறை தோற்றால் வெளியே. பெரும்பாலோர் முதல் நாளே இரண்டையும் தோற்றுவிடுவார்கள் என்பது நுழைவுக் கட்டணம் கட்டும்போதே அவர்களுக்குத் தெரியும். தோற்றவர்கள் அறைக்குப் போவதில்லை. போட்டிக் கணக்கில் சேராத மேசைகள் கூடத்தில் போட்டிருப்பார்கள். அங்கே போய் உட்கார்ந்து, சற்றுமுன் தன்னை வென்றவரையே பக்கத்தில் உட்காரவைத்து, அந்த அடியை எப்படிக் கோத்தாய், இன்னொரு முறை மெதுவாகச் செய்து காட்டு என்று கேட்கிறார்கள்.